திங்கட்கிழமை யாருக்குக் கட்டுறீங்க? குடும்ப நிதிப் பயிற்சியின் பலனை அளக்கும் வழி

வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்கு வரவு செலவு, சேமிப்பு, கடன், காப்பீடு என்று பயிற்சி நடத்தும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். பயிற்சி நடத்துவது வேறு ஆட்கள். நடந்த பயிற்சியால் அந்த வீடுகளில் ஏதாவது மாறியதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "ஃபாரம் நிரப்புற வேலை".

நான் எழுதிய முதல் அறிக்கை தப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஜூனில் ஒரு முறை, 2024 ஜூனில் இன்னொரு முறை, அதே குடும்பங்களிடம் போய்க் கேட்டோம். சேமிப்பு நன்றாக ஏறியிருந்தது. பணம் கொடுத்தவர்களுக்குச் சந்தோஷம், எங்கள் செயலாளருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். அறிக்கை போன இரண்டாவது வாரம், வேறு வேலையாக நாங்கள் பயிற்சியே நடத்தாத ஓர் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக அந்த ஊர்க் குழுவின் நோட்டைப் புரட்டினேன். அங்கேயும் சேமிப்பு ஏறியிருந்தது. ஏறத் தொடங்கிய மாதம் 2023 அக்டோபர். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதிதான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு. காசு போட்டது அரசு, பேர் வாங்கியது நாங்கள்.

இதே மாதிரிப் பயிற்சி நடத்துகிறவர்கள், குழு கூட்டமைப்பில் இருப்பவர்கள், கல்லூரியில் இதை ஆய்வாக எடுத்தவர்கள் யாராவது அடுத்த அறிக்கை எழுதும் முன் இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

எதை அளப்பது

எல்லாரும் முதலில் எண்ணுவது தலையை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வகுப்பு, எத்தனை சான்றிதழ். செலவுக் கணக்குக்கு இது வேண்டும். பலனைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. அடுத்தது, வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு பரீட்சை. மதிப்பெண் ஏறத்தான் செய்யும். காலையில் சொல்லிக்கொடுத்ததைத்தானே மாலையில் கேட்கிறோம்?

ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் இருக்கும் வேறுபாட்டில், நிதிக் கல்வியால் வந்தது என்று சொல்லக்கூடியது 0.1 சதவீதம்தான். வருமானம் குறைந்தவர்களிடம் அதிலும் குறைவு. நாளாக ஆக அதுவும் தேய்ந்துபோகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதைவிட நம்பிக்கையாகப் பேசுகின்றன. அகமதாபாத்தில் ஏழைக் குடும்பங்களிடம் நடத்திய ஒரு சோதனையில், வீடியோ பாடம் மட்டும் பார்த்தவர்களிடம் பெரிதாக மாற்றம் இல்லை. கூடவே இலக்கு வைத்துக்கொண்டவர்களும், தனியாக உட்கார்ந்து ஆலோசனை கேட்டவர்களும்தான் மாறினார்கள். அதனால் வருகைப் பதிவில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: இவருக்கு வகுப்பு மட்டுமா, வீட்டுக்குப் போயும் பேசினோமா? வருடக் கடைசியில் இதைத் தேடினால் கிடைக்காது.

பரீட்சைக் கேள்விகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலகம் முழுக்க ஓடும் கேள்வி ஒன்று: "100 டாலர் போட்டு வைக்கிறீர்கள், ஆண்டுக்கு 2 சதவீதம் வட்டி, 5 ஆண்டு கழித்து 102-க்கு மேல் இருக்குமா, சரியாக 102-ஆ, குறைவா?" டாலரை ரூபாயாக்கி இதை நாங்களும் கேட்டோம். ஐந்தாவது வரை படித்த ஓர் அக்கா சிரித்துவிட்டு, "தெரியலைம்மா, நீயே எழுதிக்கோ" என்றார். ஃபாரத்தை மூடி வைத்துவிட்டு அவரிடமே கேட்டேன்: "பத்தாயிரம், மூணு வட்டிக்கு, ஆடியில வாங்கி தையில தர்றீங்க. வட்டி மட்டும் எவ்ளோக்கா?" கை வேலையை நிறுத்தாமலே பதில் வந்தது. "ஆயிரத்தி எட்டுநூறு. ஆடிக் கடைசில வாங்கினாலும் அந்த மாசத்துக்கு முழு வட்டி எடுத்துக்குவாங்க, அதையும் எழுதிக்கோ." மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். இந்தக் கணக்கில் பிறந்து வளர்ந்தவரை எங்கள் ஃபாரம் "நிதி அறிவு இல்லாதவர்" என்று எழுதி வைத்திருந்தது.

இப்போது நான் பரீட்சையே வைப்பதில்லை. கஷ்டம் வந்த நாளில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். "போன வருஷம் எதிர்பாராம பணம் தேவைப்பட்டது எப்போ? எவ்வளவு? முதல் 5,000 எங்கிருந்து வந்தது? அதுக்கு வட்டி உண்டா? எத்தனை நாள்ல கிடைச்சது? எதையாவது வித்தீங்களா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினீங்களா, மருந்தை நிறுத்தினீங்களா?" உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பிலும் அவசரத்துக்குப் பணம் புரட்ட முடியுமா என்ற கேள்வி இருக்கிறது, அது "வந்தால் முடியுமா" என்று கேட்கும். நான் "வந்தபோது என்ன செய்தீர்கள்" என்று கேட்பேன். முடியும் என்று யாரும் சொல்லிவிடலாம். நடந்ததற்குத் தேதி உண்டு, இடம் உண்டு, சேட்டுக் கடை ரசீது உண்டு.

கடனை விசாரிக்கும் விதம்

"உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன்?" என்று கேட்காதீர்கள். இல்லை என்பார்கள், அல்லது ஒன்றைச் சொல்வார்கள். கிழமை கிழமையாகக் கேளுங்கள். "திங்கட்கிழமை யாருக்குக் கட்டுறீங்க? செவ்வாய்? புதன்?" பல வீடுகளில் குழு லோன் வசூல் கிழமைப்படிதான் வரும். ஒரு வீட்டில் "கடன் ஒண்ணே ஒண்ணுதான்" என்று ஆரம்பித்த பேச்சு, வெள்ளிக்கிழமைக்கு வரும்போது நான்காகியிருந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது, அடகுக் கடை, சீட்டு எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பது, அண்ணன் வீட்டில் வாங்கிய கைமாற்று. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் எல்லாம் வெளியே வந்துவிடும்.

தண்டலை, அதாவது தினமும் வசூலிக்கும் கடனை, மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அதைப் பலர் வட்டிக் கடனாகவே நினைப்பதில்லை. "வட்டியெல்லாம் கிடையாது, தினம் நூறு, நூறு நாள், அவ்ளோதான்" என்பார்கள். அதனால் வட்டி வீதத்தைக் கேட்காமல் இரண்டே கேள்வி: கைக்கு எவ்வளவு வந்தது, முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள்? 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்திருந்தால், 100 நாளில் 1,500 வட்டி. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது.

இப்படிச் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஓர் எண்ணை எடுங்கள்: மாதம் எத்தனை ரூபாய் வட்டியாக வெளியே போகிறது? கடன் தொகையைவிட இந்த எண்தான் எனக்கு முக்கியம். மாடு வாங்க வங்கியில் எடுத்த 60,000-மும், தண்டலில் எடுத்த 10,000-மும் ஒரே தராசில் ஏறாது. பயிற்சியால் கடன் குறையாமல்கூடப் போகலாம். விலை கூடிய கடனிலிருந்து விலை குறைந்த கடனுக்கு மாறியிருந்தாலே அது பலன். 40,000 ரூபாய் நகைக் கடன் 2 வட்டிக் கடையில் இருந்தால் மாதம் 800. வங்கியில் வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 300. மிச்சம் 500. இந்த மாதிரிக் கணக்கைத்தான் பெண்களும் நம்புவார்கள்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் நுண்கடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. "பாதிக்கு மேல் போகும் வீடுகள் எத்தனை" என்று எண்ண இது நல்ல அளவுகோல். ஆனால் தண்டலும் கைமாற்றும் எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் இருக்காது. நீங்கள் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

நகை, பாஸ்புக், சேமிப்பு

அடகு நகையை ரூபாயில் எழுதாதீர்கள், கிராமில் எழுதுங்கள். தங்கம் ஏறிய ஏற்றத்தில், அதே ஒரு பவுனுக்குப் போன வருடத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ரூபாயைப் பார்த்தால் கடன் கூடிவிட்டதாகத் தெரியும், நகை அதே 8 கிராம்தான். எத்தனை கிராம் வைத்தார், எத்தனை மீட்டார், வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்தது எத்தனை, ஏலத்தில் போனது எத்தனை என்று நான்கு கட்டம் போதும். ஏலத்தில் போனதைச் சொல்ல அவமானப்படுவார்கள். அவசரப்படாதீர்கள்.

காப்பீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பாஸ்புக்கைப் பாருங்கள். மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், இரண்டும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். ஜூனில் பாஸ்புக்கைப் பதிவு போட்டுக் கொண்டுவரச் சொன்னால் தெரிந்துவிடும். "சேர்ந்துட்டேன்" என்று சொன்ன பலருக்கு அந்தச் சமயம் கணக்கில் பணம் இல்லாமல் 436 பிடிக்கப்படாமல் போயிருக்கும். எங்கள் பயிற்சியில் சேர்த்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தோம்; இதைப் பார்த்த பிறகுதான் மே 20-ஆம் தேதி வாக்கில் போன் போட்டு ஞாபகப்படுத்த ஆரம்பித்தோம்.

அதே பாஸ்புக்கை வைத்துச் சேமிப்பை மட்டும் அளந்துவிடாதீர்கள். உரிமைத் தொகை வந்ததும் எடுத்துவிடுவார்கள், கணக்கில் நூறோ இருநூறோதான் நிற்கும். எடுத்த பணம் சீட்டில் இருக்கும், குழுச் சேமிப்பில் இருக்கும், ஓர் ஆட்டுக்குட்டியாகத் தோட்டத்தில் நிற்கும். சிறுவாடாக அரிசிப் பானைக்குள்ளும் இருக்கும். அதைப் புருஷனோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் நீங்கள் அந்தப் பெண்ணுக்குத் துரோகம் செய்கிறீர்கள். தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும், தனியாகக் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியாளர்கள் சிலர் "மொய் வீண் செலவு, குறையுங்க" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மொய் நோட்டைத் திறந்து பார்த்தால் அது ஒரு கடன் பேரேடு. வட்டி மட்டும் இல்லை. கொடுப்பதை நிறுத்தியவருக்கு அவர் மகள் கல்யாணத்தில் திரும்பி வராது. ஆகவே "மொய்ச் செலவு குறைந்தது" என்பதை வெற்றி என்று எழுதும் முன் அந்த வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்று கேளுங்கள்.

எப்போது போவது

இந்தத் தலைப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பாதி வீட்டு நகை கடைக்குப் போய்விடும். அப்போது ஒரு கணக்கெடுத்துவிட்டு, அறுவடைக் காசு கையில் இருக்கும் தையில் அடுத்த கணக்கெடுத்தால் எந்தப் பயிற்சியும் ஜெயிக்கும். எங்கள் பக்கம் ஆடிப்பட்டத்தில் விதைத்த மணிலா (வேர்க்கடலை) ஐப்பசி, கார்த்திகையில் வீடு வரும். இரண்டு கணக்கெடுப்பும் ஒரே மாதத்தில் இருக்க வேண்டும்.

அது எந்த மாதம் என்பதும் முக்கியம். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கோடை முடிந்து மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். முன்பணம் வாங்கிப் போனவர்கள், அதாவது கடன் அதிகம் உள்ளவர்கள். ஏப்ரலில் போனால் அந்த வீடுகள் பூட்டிக் கிடக்கும். 400 பேர் பட்டியலில் 330 பேரைத்தான் பிடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 330-ம் கொஞ்சம் தேவலை என்று இருப்பவர்கள். சராசரி தானாக அழகாகிவிடும். நாங்கள் ஆகஸ்டை வைத்துக்கொண்டோம். சூளைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், பள்ளிக் கட்டண அமளி அடங்கியிருக்கும், மாதத்தின் முதல் பாதி ஆடி, அதில் கல்யாணம் கிடையாது. அப்படியும் கிடைக்காதவர்கள் யார், முதல் கணக்கெடுப்பில் அவர்கள் கடன் எவ்வளவு என்பதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போகும் பெண்களைப் பகல் 11 மணிக்குத் தேடினால் கிடைப்பார்களா? அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஒரு வீட்டுக்கு 25 நிமிஷத்துக்கு மேல் எடுத்தால் பதில்கள் "ஆமாம் ஆமாம்" என்று ஆகிவிடும்.

பயிற்சி கொடுத்தவரைக் கணக்கெடுக்க அனுப்பவே கூடாது. "வரவு செலவு நோட்டு எழுதுறீங்களா?" என்று டீச்சரே வந்து கேட்டால் எழுதுகிறேன் என்றுதான் சொல்வார்கள், பாவம். வேறு ஆள் போய், "நோட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா, கடைசியா எழுதின தேதி பார்க்கணும்" என்று கேட்க வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது

உரிமைத் தொகையில் நான் விழுந்த குழிக்கு இதுதான் ஏணி. பயிற்சி பெறாத ஊர்களும் கணக்கில் இருக்க வேண்டும். வசதியும் ஆர்வமும் உள்ள ஊர்களை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தோடு ஒப்பிடுவது ஏமாற்று. எங்களுக்கு 24 ஊர். ஒரு வருடத்தில் 12 ஊருக்குத்தான் ஆள் பலம். எந்த 12 என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். மற்ற 12-க்கு அடுத்த வருடம். சண்டை வரும் என்று செயலாளர் பயந்தார். குலுக்கல் சீட்டு போட்டுப் பழகியவர்களுக்கு இதில் என்ன புதுசு? ஒரே ஊரில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் குழாயடியில் மறு பாதிக்கும் வகுப்பு நடந்து முடிந்துவிடும்.

கணக்கு எளிது. ஓர் உதாரணத்துக்கு, வட்டியில்லாமல் 5,000 புரட்டிய வீடுகள் பயிற்சி ஊர்களில் 22 சதவீதத்திலிருந்து 41 ஆனது, காத்திருக்கும் ஊர்களில் 24-லிருந்து 36 ஆனது என்று வைப்போம். முதல் ஏற்றம் 19, இரண்டாவது 12. உங்கள் பங்கு 7. அந்த 12 நல்ல மழையோ, அரசுப் பணமோ, நூறு நாள் வேலைச் சம்பளமோ கொண்டுவந்தது.

அந்த 7-ஐ நம்பலாமா என்பது ஆள் எண்ணிக்கையைவிட ஊர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே ஊர்ப் பெண்களுக்கு ஒரே மழை, ஒரே சேட்டுக் கடை. 12 ஊரில் ஊருக்கு 20 பேர் என்றால் 240. ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும் அளவை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே பதில்) 0.05 என்று வைத்தால், ஊருக்கு 20 பேரில் ஒருவர் போக 19, அதை 0.05-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 1.95. 240-ஐ அதனால் வகுத்தால் சுமார் 123 பேருக்குச் சமம். ஊருக்கு 40 பேர் கேட்பதைவிட, ஊருக்கு 10 பேராகக் குறைத்து ஊர்களைக் கூட்டுவது நல்லது. இந்தக் கணக்கு கைக்கு எட்டாவிட்டால் வட்டாரக் கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியர் யாரையாவது பிடியுங்கள். முதல் கணக்கெடுப்புக்கு முன்னால் பிடியுங்கள், பின்னால் அல்ல.

பணம் இருந்தால் 15, 20 வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் வரவு செலவு முழுவதையும் எழுதுங்கள். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் இந்த நாட்குறிப்பு முறையில் ஆண்டு முழுக்க எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அந்த 7 எப்படி வந்தது என்பதை இந்த வீடுகள்தான் சொல்லும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள், பாஸ்புக்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

அறிக்கையில் செலவையும் எழுதுங்கள்: சம்பளம், பெட்ரோல், டீ எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆனது, ஒரு குடும்பத்துக்கு வட்டியில் எவ்வளவு மிச்சம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண். பல சமயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அனுப்பும் முன் முடிவுகளைக் குழுக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். போன ஆகஸ்ட் கணக்கை முடித்து, சார்ட் பேப்பரில் எழுதி ஓர் ஊரில் வாசித்தேன். பயிற்சிக்குப் பிறகும் சேமிப்பு அவ்வளவாக ஏறவில்லை என்று சொன்னேன். பின்வரிசையில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "பலகாரச் சீட்டை எதுல சேர்த்தே கண்ணு?" என்றார். தீபாவளிக்கு மளிகையும் பலகாரமும் எடுக்க மாதம் மாதம் கட்டும் சீட்டு. எங்கள் ஃபாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை. செலவில் "இதர" என்று போயிருந்தது. மறுநாள் 24 ஊருக்கும் போன் போட்டு அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்க ஆரம்பித்தோம்.